புதனுக்குப் போகும் சுற்றுவழி

2003ஆம் வருஷம் மே மாதம் 7ஆம் தேதி, கத்திரி வெயில் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்த ஒரு நண்பகலில், சென்னையில் நண்பர் ஒருவருடைய வீட்டு மொட்டை மாடியில், கால் பொசுங்காமலிருக்க ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் நின்றுகொண்டு, சிறியதொரு தூரதிருஷ்டிக் கண்ணாடியின் வழியாக வந்த சூரிய பிம்பத்தை வெள்ளைக் காகிதத்தில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். காகிதத்தில் விழுந்த ஒளிவட்டம் சாண் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அதன் மேல், கசகசாவில் ஒரு மணியை எடுத்து ஒட்டவைத்ததுபோல, ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளிதான் புதன் கிரகம். அது அன்று சூரியனுக்கும் நமக்கும் நடுவே புகுந்து, ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, சூரிய பிம்பத்தின் குறுக்கே ஊர்ந்து போயிற்று.

நண்பருடைய பாட்டியார், எண்பதைத் தாண்டியவர், படியேறி வந்து காகிதத்தைக் குனிந்து பார்த்தார். "இதுக்கா இந்த வெயில்ல நிக்கறீங்க?" என்று முதலில் கேட்டார், பிறகு, "இன்னிக்குப் புதன்கிழமைதானே?" என்றார். எங்களில் ஒருவருக்கும் அதுவரை அது தோன்றவில்லை. அன்று உண்மையாகவே புதன்கிழமை. அதற்குமேல் அவர் சொன்னது, தமிழர் எல்லோரும் அறிந்த பழமொழி: பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. நல்ல காரியத்தைப் புதன்கிழமையில் தொடங்கவேண்டும் என்பதற்காகவே நாம் அதைச் சொல்லி வருகிறோம். ஆனால் பழந்தமிழில் பொன் என்பது வியாழ கிரகத்துக்குப் பெயர் என்பதையும், நடு இரவிலும் தகதகவென்று நிற்கக்கூடிய அந்த வியாழன் கண்ணுக்கு எளிதில் அகப்பட, சூரியனை விட்டு இருபத்தெட்டு பாகைக்குமேல் விலகாத புதனோ அந்தியிலும் விடியலிலும் அடிவானத்துப் புழுதியில் மறைந்துபோகும் என்பதையும் நினைத்தால், வானத்தைப் பார்த்துப் பழகிய ஒருவர் சொன்ன வாக்கியமாகவே அது எனக்குப் படுகிறது. இந்தப் பொருளை வலியுறுத்தி யாரோடும் வழக்காட நான் வரவில்லை. ஆனால், கிடைக்காத புதன் என்ற சொல், கண்ணுக்குப் பொருந்துவதைக் காட்டிலும் ஆகாயக் கலங்களுக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

செயற்கைச் சந்திரன் ஒன்றை மனிதன் முதன்முதலில் ஏவிய 1957 முதல் இன்றுவரை, செவ்வாய்க்கென்று புறப்பட்ட கலங்கள், வெற்றியும் தோல்வியுமாக, ஐம்பதை எட்டும். புதனுக்கென்று புறப்பட்டவை மூன்றே. அவற்றுள் முதலாவது அதைக் கடந்து போனதோடு சரி. இரண்டாவது அதைச் சுற்றி வந்து, கடைசியில் அதன்மேலேயே மோதி முடிந்தது. மூன்றாவது 2018இல் கிளம்பியது; அது 2026 நவம்பரில் அங்கே நிலைகொள்ளும் என்பது இப்போதைய கணக்கு. மனிதன் என்றைக்கும் கால்வைக்கப் போகாத, வைக்கவேண்டிய அவசியமும் இல்லாத இந்தக் கிரகத்தை, யந்திரங்களின் வாயிலாக மட்டுமே அறியமுடியும் என்பதாலேயே நாம் இளக்காரமாக ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். அந்த ஒதுக்கல் இனியும் தொடரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புதன் நமக்குத் தூரத்து உறவல்ல. பூமிக்கும் அதற்கும் இடையே, நெருங்கும் காலத்தில், ஏறக்குறைய 8 கோடி கிலோமீட்டர்தான். வியாழனோ சனியோ இதைப்போல் பல மடங்கு தள்ளி இருக்கின்றன. அப்படியிருந்தும் புதனைச் சுற்றுமாறு ஒரு கலத்தை நிறுத்துவதற்கு, சூரிய மண்டலத்தையே விட்டு வெளியேறுவதற்கு வேண்டியதைவிட அதிகப் பிரயத்தனம் தேவைப்படுகிறது என்றால், கேட்பவர் முதலில் நம்பமாட்டார். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கிப் பழகியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பஸ்ஸின் வேகம் இறங்குகிறவனுடைய உடம்பிலும் இருக்கிறது. தரையில் கால்பட்டவுடன் நின்றுவிடலாம் என்று நினைத்தவன் குப்புற விழுகிறான். பூமி சூரியனை விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது; அதிலிருந்து புறப்படும் கலத்துக்கும் அந்த வேகம் பிறவியிலேயே வாய்த்துவிடுகிறது. சூரியனை நோக்கி உள்ளே இறங்கவேண்டுமானால் அதில் ஒரு பகுதியை முதலில் உதறவேண்டும். உதறி இறங்கத் தொடங்கினாலோ, பள்ளத்தில் உருளும் வண்டியைப்போல, சூரியனுடைய ஈர்ப்பில் வேகம் ஏறிக்கொண்டே போகும். புதனை எட்டும்போது அந்த ஏறிய வேகத்தையும் குறைக்கவேண்டும். செவ்வாயிலும் வெள்ளியிலும் இருப்பதுபோல உராய்ந்து வேகத்தைத் தேய்த்துக்கொள்ளக் காற்றுமண்டலம் அங்கே இல்லை. எஞ்சினை எதிர்த்திசையில் எரித்து மட்டுமே நிறுத்துவதானால், அதற்கு வேண்டிய எரிபொருளைத் தூக்கிச் செல்லும் ராக்கெட்டு யாரிடமும் கிடையாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களுள் முதல்வர், இத்தாலியில் பாதுவா சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த ஜுசெப்பே கொலம்போ. நண்பர்கள் அவரைப் பெப்பி என்று அழைப்பார்கள். புதன் எப்போதும் ஒரே முகத்தைச் சூரியனுக்குக் காட்டி நிற்கிறது என்று ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு வானநூலார் நம்பிவந்ததை, 1965இல் அரெசிபோ ராடார் பொய்யாக்கி, அது தன்னைத்தானே சுற்ற 59 நாள் எடுத்துக்கொள்கிறது என்று காட்டியபோது, அந்த 59, சூரியனைச் சுற்றும் 88 நாளில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு என்பதைக் கவனித்துச் சொன்னவரும் அவரே. 1970இல், வெள்ளி வழியாகப் புதனுக்கு ஒரு கலத்தை அனுப்புவது குறித்துக் கலிபோர்னியாவில் நடந்த ஆலோசனைக் கூட்டத்துக்கு வந்திருந்த அவர், அந்தக் கலம் புதனைக் கடந்தபின் சூரியனைச் சுற்றும் காலம், புதனுடைய ஆண்டைப்போல் ஏறக்குறைய இருமடங்காக அமைவதைச் சுட்டிக்காட்டி, கொஞ்சம் திருத்தினால் அது மறுபடியும் மறுபடியும் புதனிடம் திரும்பி வருமே என்று கேட்டார். ஒருமுறை கடந்துபோக வேண்டிய கலம் மூன்றுமுறை கடந்தது, அந்த ஒரு கேள்வியின் பயன்.

1973 நவம்பர் 3ஆம் தேதி கிளம்பிய அந்த மாரினர் 10, வெள்ளியின் ஈர்ப்பையே கடிவாளமாகப் பற்றித் தன் பாதையை வளைத்துக்கொண்டது. ஒரு கிரகத்தின் ஈர்ப்பைப் பயன்படுத்தி இன்னொரு கிரகத்துக்குப் போன முதற்கலம் அதுதான். 1974 மார்ச்சிலும் செப்டம்பரிலும், 1975 மார்ச்சிலும் அது புதனை அண்டிச் சென்றது. கலத்தைத் திசைதிருப்பி நிறுத்துவதற்கான வாயு, சாதனக் கோளாறால் வீணாகக் கரைந்துபோனபோது, பொறியாளர்கள் ஒரு யுக்தி செய்தார்கள்: கலத்தின் சூரியத் தகடுகளைப் படகுப் பாயைப்போல் சாய்த்து, சூரிய ஒளியின் அழுத்தத்தையே காற்றாகக்கொண்டு, கலத்தின் நிலையைக் காத்தார்கள். சூரிய ஒளிக்கு உள்ள அழுத்தம் எவ்வளவு அற்பமானது என்பதை அறிந்தவர்களுக்கே இதன் சாமர்த்தியம் விளங்கும்.

ஆனால் இயற்கை அதோடு ஒரு விளையாட்டும் ஆடிவிட்டது. புதனில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த முழு நாள் நம் கணக்கில் 176 நாள்; மாரினர் திரும்பிவந்த இடைவெளியும் அதே 176 நாள். ஆகவே, ஒரே ஊருக்கு மூன்றுமுறை போய், மூன்றுமுறையும் அதே தெருவில் மட்டுமே விளக்கு எரிந்திருக்கக் கண்ட யாத்திரிகனைப்போல, அது ஒவ்வொரு தடவையும் அதே பாதியே வெளிச்சத்தில் இருக்கக் கண்டது. மேற்பரப்பில் நூற்றுக்கு 45 பங்குதான் படத்தில் விழுந்தது. மற்றது இருள். அந்த இருள் மறுபடி விலகத் தொடங்கியது 2008இல். முப்பத்துமூன்று வருஷம், ஒரு கிரகத்தின் பெரும்பாதி எப்படியிருக்கும் என்றே தெரியாமல், மனித குலம் வேறு காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதைச் சும்மா இருந்த காலம் என்று சொல்வதும் முழு நியாயமாகாது. மாரினர் காட்டிய வழி கடந்துபோவதற்கு மட்டும் போதுமே தவிர, நின்று சுற்றுவதற்குப் போதாது. 1985இல்தான் சென்-வான் யென் என்ற விஞ்ஞானி, அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில், வெள்ளியையும் புதனையும் திரும்பத்திரும்ப உரசிச் சென்று, ஒவ்வொரு உரசலிலும் கொஞ்சம் வேகத்தைக் கழித்து, கடைசியில் சிறிய எஞ்சினாலேயே நிறுத்திவிடக்கூடிய பாதைகளைக் கணக்கிட்டுக் காட்டினார். கொலம்போ அதற்கு முந்திய வருஷமே காலமாகிவிட்டார். யென் வகுத்த வழியில் ஒரு கலம் போய்ச் சேர்ந்தது 2011இல். ஒருவர் இளமையில் போட்ட கணக்கு நிறைவேற அவர் முதுமையை எட்டவேண்டியிருக்கும் என்பது, இந்தத் தொழிலில் விதிவிலக்கே அல்ல.

அந்தக் கலத்துக்கு மெஸெஞ்சர் என்று பெயர். 2004 ஆகஸ்டு 3ஆம் தேதி ஏவப்பட்டு, பூமியை ஒருமுறையும், வெள்ளியை இருமுறையும், புதனையே மும்முறையும் உரசி, 790 கோடி கிலோமீட்டர் சுற்றி, ஆறரை வருஷத்துக்குப்பின், 2011 மார்ச் 18ஆம் தேதி அது புதனைச் சுற்றத் தொடங்கிற்று. நேர்வழியில் சில மாதங்களில் போகக்கூடிய தூரத்துக்கு ஆறரை வருஷம்! கிளம்பும்போது 1,100 கிலோ எடையிருந்த அதில் பாதிக்குமேல் எரிபொருள். மிச்சத்தில் முக்கியமானது ஒரு குடை. பீங்கான் இழைகளால் நெய்த துணி, ஆளுயரத்துக்கு மேல் அகலித்து வளைந்து நிற்க, அதன் சூரியப் பக்கம் அடுப்பிலிட்ட இரும்பைப்போல 350 பாகைக்குமேல் கொதிக்கும். மறுபக்கத்து நிழலில் இருந்த கருவிகளோ நம் வீட்டுக் கூடத்தின் உஷ்ணத்தில் வேலைசெய்தன. சூரியன் மட்டும் பகையானால் குடை போதும். கீழே 430 பாகை வரை காய்ந்து கிடக்கும் தரையும் அனலை மேலே எறியும். ஆகையால் கலம் தரையருகே சில நூறு கிலோமீட்டர் உயரம் வரை தாழ்ந்து, உடனே 15,000 கிலோமீட்டர் தள்ளிப்போய் ஆறிக்கொண்டு, மறுபடியும் தாழ்ந்து வருமாறு அதன் பாதையை நீளவாக்கில் அமைத்தார்கள். உலைக்களத்தில் வேலைசெய்யும் கொல்லன் அடிக்கொருமுறை வாசலுக்கு வந்து நிற்பானே, அதுபோல.

ஒரு வருஷம் உழைக்கவேண்டும் என்று அனுப்பியது நான்கு வருஷம் உழைத்தது. எரிபொருள் தீர்ந்த பின்னும், தொட்டிகளில் அழுத்தம் தருவதற்காக மட்டும் வைத்திருந்த ஹீலிய வாயுவைப் பீய்ச்சி, சில வாரம் அதைத் தாங்கி நிறுத்தினார்கள். பிறகு அதுவும் தீர்ந்தது. 2015 ஏப்ரல் 30ஆம் தேதி, பூமியிலிருந்து பார்க்கமுடியாத மறுபக்கத்தில், விநாடிக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வேகத்தில் அது தரையில் மோதியது.

அதன் அறுவடையை எல்லாம் இங்கே அளந்து காட்ட இடமில்லை. இரண்டொன்றைச் சொன்னால் போதும். புதன், சதை சிறுத்துக் கொட்டை பெருத்த நாட்டு மாம்பழம் போன்றது: 2,440 கிலோமீட்டர் ஆரத்தில் 2,000 கிலோமீட்டருக்குமேல் இரும்புக் கருவே. மேலிருந்த கல்லைப் பெரிய மோதல் ஒன்று உரித்துப்போட்டிருக்கலாம், அல்லது ஆதியில் சூரியனின் வெப்பமே ஆவியாக்கியிருக்கலாம் என்று முன்பு பண்டிதர்கள் இரண்டு சித்தாந்தம் வைத்திருந்தார்கள். இரண்டில் எது உண்மையானாலும், எளிதில் ஆவியாகும் பொருள்கள் அங்கே மிஞ்சியிருக்கக்கூடாது. மெஸெஞ்சரோ அங்கே கந்தகத்தையும் பொட்டாசியத்தையும் தாராளமாகக் கண்டது. பள்ளிக்கூடத்துப் புத்தகங்களில் நிலைபெற்றிருந்த கருத்து அதோடு ஆட்டம்கண்டது. புதிய கருத்து எதுவும் இன்னும் உறுதியாக அமர்ந்தபாடில்லை. இன்னொன்று: சூரியனுக்கு அடுத்த வீட்டில் பனிக்கட்டி! புதனின் அச்சு ஏறக்குறையச் சாயவே இல்லை. ஆதலால் துருவத்துப் பள்ளங்கள் சிலவற்றின் அடியில் வெயில் ஒருநாளும் பட்டதில்லை. 1991இல் பூமியிலிருந்து அனுப்பிய ராடார் அலைகள் அங்கே ஏதோ பளபளப்பதைச் சொல்ல, அது நீர்ப்பனியே என்று மெஸெஞ்சர் 2012இல் உறுதிப்படுத்தியது.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்வது என் ஆசைக்காக. புதனிலுள்ள பெரும்பள்ளங்களுக்குக் கவிஞர், ஓவியர், சங்கீத வித்துவான்கள் ஆகியோருடைய பெயர்களைச் சூட்டுவது சர்வதேச வானநூற் சங்கத்தின் மரபு. அங்கே பீத்தோவன் இருக்கிறார்; காளிதாசனும் வால்மீகியும் வியாசரும் இருக்கிறார்கள்; தியாகராஜர் இருக்கிறார். அவர் பெயர் தாங்கிய பள்ளத்தின் அகலம் ஏறக்குறைய 97 கிலோமீட்டர். அவர் பிறந்த திருவாரூரையும், அவர் வாழ்ந்து சமாதியான திருவையாற்றையும் சேர்த்து உள்ளே வைத்தாலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். மெஸெஞ்சர் அந்தப் பள்ளத்தைக் கிட்டே நின்று பார்த்தபோது, அதன் தரையெங்கும், அம்மைத் தழும்புபோல, விளிம்பில்லாத சின்னஞ்சிறு குழிகள், நீலம் கலந்த வெண்மையோடு ஒளிர்வதைக் கண்டது. கல் மோதி உண்டான குழிகள் அல்ல அவை. பாறைக்குள் இருந்த ஏதோ ஒரு பொருள் வெயிலில் ஆவியாகிக் கழிந்துபோக, மேல் தரை உள்வாங்கியதால் ஏற்பட்டவை என்று இப்போது எண்ணப்படுகிறது. அந்தப் பொருள் எது என்பது முடிவாகவில்லை. செத்த கிரகம் என்று கைகழுவப்பட்ட ஒன்றில் தரை இன்னமும் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருக்கிறது என்றால், அதை மறுபடி போய்ப் பார்க்காமல் எப்படி இருப்பது? (புதனின் சமவெளிகளுக்கு, பல மொழிகளில் அந்தக் கிரகத்துக்கு வழங்கும் பெயர்களை இடுகிறார்கள், புத் என்ற இந்திப் பெயர் ஒரு சமவெளிக்கு இருக்கிறது. பழந்தமிழில் புதனுக்கு அறிவன் என்று அழகான பெயர் உண்டு. உரிய இடத்துக்கு யாராவது எழுதிப்போட்டால் தேவலை.)

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். மெஸெஞ்சருக்கு ஆன செலவு சுமார் 45 கோடி டாலர். அது சிறிய தொகை அல்ல. இந்தக் கேள்விக்கு, ஆகாய ஆராய்ச்சியின் உபவிளைவாக இன்ன சட்டியும் இன்ன துணியும் கிடைத்தன என்று பட்டியல் வாசித்துச் சமாளிப்பது பலருடைய வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. சட்டி வேண்டுமானால் சட்டிக்கென்றே செலவிடுவதுதான் சிக்கனம். புதனால் அரிசி விலை குறையாது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, வேறொன்றைச் சொல்லவேண்டும். 1859இல் லெவெரியே என்ற பிரெஞ்சு வானநூலார், புதனுடைய பாதை நியூட்டன் கணக்குப்படி திரும்பவேண்டிய அளவைவிட மிகமிகச் சிறிய அளவு கூடுதலாகத் திரும்புகிறது என்று கண்டார். பின்னர் திருத்திய கணக்கில் அது நூறு வருஷத்துக்கு 43 விகலை. ஒரு பாகையை 3,600 ஆகப் பகுத்தால் வரும் துணுக்குக்கு விகலை என்று பெயர். அந்தத் துணுக்கு வித்தியாசத்தை விளக்க, காணாத ஒரு கிரகத்தையே கற்பித்து, அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்துத் தேடினார்கள், அகப்படவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனுடைய புதிய ஈர்ப்புத் தத்துவம் அந்த 43ஐ அப்படியே கூட்டிக் கழித்துக் கொடுத்தது. லெவெரியேயைப் பார்த்து 1859இல் ஒருவர், இந்தக் கணக்கால் என்ன லாபம் என்று கேட்டிருந்தால், அவரிடம் பதில் இருந்திருக்க முடியாது. இன்று நம் கைப்பேசி வழிகாட்டும்போது அந்தத் தத்துவத்தின் திருத்தத்தோடுதான் காட்டுகிறது. இது லாபத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும்; கேள்வி எந்த வாசலைத் திறக்கும் என்று கேள்வி கேட்கும்போதே தெரிந்திருக்க முடியாது என்பதற்கு மட்டும் சாட்சி.

மனிதனையே கிரகங்களுக்கு அனுப்பவேண்டும் என்று இப்போது சில கோடீசுவரர்கள் செய்யும் முழக்கத்தில், யந்திரக் கலங்கள் இரண்டாந்தரமான பதிலிகளைப்போலப் பேசப்படுகின்றன. இந்தப் பேச்சு எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. பகலில் ஈயம் உருகும் உஷ்ணமும், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 180 பாகைக் குளிருமாக இருக்கும் ஓரிடத்தில், ஆறேழு வருஷப் பிரயாணத்தைச் சலிக்காமல் செய்து, கட்டளை போய்ச்சேர ஐந்து முதல் பன்னிரண்டு நிமிஷம் ஆகும் தூரத்தில் தனக்கு வந்த ஆபத்தைத் தானே சமாளித்து நிற்கும் யந்திரம், மனிதனுக்குப் பதிலி அல்ல. மனிதனுடைய பொறுமையே உருவெடுத்தது.

இந்தப் பொறுமைக்கு இப்போது சோதனை நடந்துவருகிறது. 2018 அக்டோபர் 20ஆம் தேதி, தென்னமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் உள்ள கூருவிலிருந்து கிளம்பிய கலத்துக்கு, கொலம்போவின் ஞாபகமாகப் பெப்பிகொலம்போ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கலம் ஒன்றும், மியோ என்ற பெயருடைய ஜப்பானியக் கலம் ஒன்றும், ஜோடிப் புறாக்களைப்போல ஒரே வாகனத்தில் ஏறிப் போகின்றன. சேர்ந்தபின் இரண்டும் பிரிந்து, ஒன்று தாழ நின்று தரையையும் கருவையும் ஆராய, மற்றது தள்ளி நின்று புதனின் காந்தமண்டலத்தை ஆராயும். அவற்றைக் கொண்டுபோகும் வாகனம், சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்து, செனான் வாயுவை மின்னூட்டிப் பீய்ச்சி நகர்கிறது. அதன் உந்துதல் மிகவும் மெல்லியது, ஆனால் மாதக்கணக்கில் ஓயாதது.

2024 ஏப்ரலில் அந்த வாகனத்துக்கு நோய் கண்டது. சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் முழு அளவில் வந்துசேராமல் உந்துதல் குன்றிற்று. சிகிச்சை செய்து பத்தில் ஒன்பது பங்கு மீட்டார்கள். மீதி ஒரு பங்கு மீளவில்லை. ஆள் போய்த் திருகாணியை முடுக்கமுடியாத தூரம். வேறு சிலராயிருந்தால் போனமட்டும் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். இவர்கள் புதிய பாதை ஒன்றைக் கணக்கிட்டு, குறைந்த உந்துதலோடும் போய்ச்சேருமாறு, வருகையை 2025 டிசம்பரிலிருந்து 2026 நவம்பருக்குத் தள்ளிவைத்தார்கள். அதற்காக 2024 செப்டம்பர் 4ஆம் தேதி கலம் புதனின் தரைக்கு 165 கிலோமீட்டர் உயரத்தில் சீறிப் பறந்தது. சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் உள்ள தூரம். பூமி ஒன்று, வெள்ளி இரண்டு, புதன் ஆறு என்று, மொத்தம் ஒன்பது உரசலும் 2025 ஜனவரி 8ஆம் தேதியோடு முடிந்தன.

என் கவலை இதற்கு அப்பால் இருக்கிறது. இந்தக் கலத்தை ஐரோப்பியர் தங்கள் பெருந்திட்டங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது 2000இல், கிளம்பியது 2018இல், சேர்வது 2026இல். கால் நூற்றாண்டுக்கு மேல். இன்று யோசிக்கத் தொடங்கினால்தான் இன்று பள்ளியில் படிக்கும் குழந்தை தலைநரைக்குமுன் அடுத்த கலம் போய்ச்சேரும். ஆனால் யோசிப்பவர் யார்? அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் அடுத்த பத்தாண்டுக்கென 2022இல் வெளியிட்ட கிரக ஆராய்ச்சி அறிக்கை, பெருந்திட்டங்களில் முதலிடத்தை யுரேனசுக்கும், இரண்டாம் இடத்தைச் சனியின் சந்திரனான என்செலடசுக்கும் கொடுத்தது. அவை தகுதியற்றவை என்று நான் சொல்லமாட்டேன். அதற்குமுன் மெஸெஞ்சரைக் கட்டிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்தார், புதனின் தரையில் ஒரு கலத்தை இறக்குவது குறித்து விரிவான திட்டமொன்றை வரைந்திருந்தார்கள்: அந்தியில் இறங்கி, நம் கணக்கில் 88 நாள் நீளும் ஒரே இரவு முழுதும் வேலைசெய்து, சூரியன் உதித்துக் கொதிக்கவைக்கும்வரை செய்தி அனுப்பவேண்டியது அதன் கடமை. நேர்த்தியான யோசனை; அது ஏட்டிலேயே நிற்கிறது. ஒரு கல்லையும் தொடாமல், மேலிருந்தபடியே, கந்தகம் ஏன் இருக்கிறது, இரும்பு ஏன் இவ்வளவு என்ற வழக்கைத் தீர்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் தேசம் புதனுக்குக் கலம் அனுப்பவேண்டும் என்று உடனே கோஷமிடுவது அவசரம். வெள்ளிக்கு ஒரு கலத்தை அனுப்ப 2024இல் மத்திய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது. புதனுக்கு வழி வெள்ளியின் வழியாகத்தான் என்பதை இவ்வளவு நேரம் படித்தவர் அறிவார். முதலில் அந்தப் படியை ஏறுவோம். ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மெஸெஞ்சர் எடுத்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களும், அதன் அளவைகள் அனைத்தும், யார் வேண்டுமானாலும் விலையின்றி எடுத்துப் படிக்கும்படி பொதுவில் வைக்கப்பட்டிருக்கின்றன. நெல்லையிலோ தஞ்சையிலோ ஒரு கல்லூரியில் பௌதிகமோ பூமிசாஸ்திரமோ படிக்கும் மாணவி, ஆய்வேட்டுக்கு விஷயம் தேடும்போது, தியாகராஜர் பெயர் கொண்ட பள்ளத்தின் குழிகளை எடுத்துக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை. ஆசிரியர் ஒருவர் தூண்டினால் போதும். பேராசிரியப் பெருமக்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

2032ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி, சனிக்கிழமை, நண்பகல் கழிந்து சிறிது நேரத்தில், புதன் மறுபடியும் சூரிய பிம்பத்தின் குறுக்கே புகுந்து, மாலை நாலரை மணி சுமாருக்கு வெளியேறும். ஐப்பசி மழை விட்டுக்கொடுத்தால் தமிழ்நாடு முழுவதிலும் பார்க்கலாம். 1631இல் பாரிஸில் காசெண்டி முதன்முதலாக அதைப் பார்த்தபோதும், எங்களைப்போல வெள்ளைக் காகிதத்தில்தான் பார்த்தார். இவ்வளவு சிறியதா என்று திகைத்து, சூரியனில் உள்ள கறை என்றே முதலில் நினைத்தார். சூரியனை வெறும் கண்ணால் பார்க்கத் துணியாமல், காகிதத்தில் பிம்பத்தை விழச்செய்து, குழந்தைகளை அழைத்துக் காட்டுங்கள். அதற்குள் அடுத்த கலத்துக்கான வரைபடத்தை யாராவது மேஜைமேல் விரித்திருக்கவேண்டும்.